எண் இல்லாத பாகம்

மாலைப் பள்ளி நடத்துகிறவர்களுக்குப் பழைய லாரியோடு என்ன வேலை என்று பல தோழர்கள் கேட்டுவிட்டார்கள். கேலியாகக் கேட்டவர்களும் உண்டு, கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். இது எங்களுக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் இருப்பது சங்ககிரிப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது லாரியை நம்பிப் பிழைக்கிற வட்டாரம். எங்கள் பள்ளிக்கு வரும் பையன்களில் பத்தாவதோடு நிற்பவர்கள் பெரும்பாலும் கிளீனராகவோ லோடு ஏற்றவோதான் போகிறார்கள். வண்டியைக் கழுவுவார்கள், தார்ப்பாய் கட்டுவார்கள், கல் எடுத்து டயருக்கு அண்டை கொடுப்பார்கள். எஞ்சினைத் தொட விடுவதற்குள் நான்கைந்து வருடம் ஓடிவிடும். நாமே ஓர் எஞ்சினை வாங்கிப் பிரித்துக் காட்டினால் என்ன என்று தோன்றியபோதுதான், மூடிப்போன அரிசி ஆலையின் கொட்டகையில் ஒரு பார்கோ லாரி கிடப்பதாகத் தகவல் வந்தது. காயலான் கடைக்காரர் எடை போட்டுச் சொன்ன விலையையே நாங்களும் கொடுத்தோம். பணம் நண்பர்களிடம் திரட்டியது. ஐம்பது ரூபாய் கொடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

பார்கோவைப் பற்றி இளையவர்களுக்கு இரண்டு வரி. மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு டாட்ஜ், பார்கோ என்ற பெயர்களில் லாரிகளை இங்கே கொண்டுவந்தது. எங்கள் வண்டி பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. பின்னால் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் உள்ளூர்ப் பட்டறையில் அதைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினை வைத்திருக்கிறார்கள். பி6 என்பது 1930-களில் இங்கிலாந்தில் உருவான ஆறு சிலிண்டர் எஞ்சின். 1950-களில் சென்னையில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. அதனால் தெற்கே பெட்ரோல் வண்டியை டீசலாக மாற்ற நினைத்தவர்களுக்கு இந்த எஞ்சின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆறு பையன்களும் ஒரு மாணவியுமாக வண்டியைப் பிரித்தோம். பம்ப், நாசில், பிஸ்டன் ரிங் எல்லாம் அலைந்தால் கிடைத்தன. பி6 எஞ்சினைத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. எங்களை எட்டு மாதம் நிறுத்தி வைத்தது மவுண்டிங் ரப்பர்.

எஞ்சின் நேராகச் சேஸ் மேல் உட்காருவதில்லை. இரும்புப் பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. இரண்டு இரும்புத் தகடுகள், அவற்றோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிய ரப்பர், நடுவில் ஒரு போல்ட். அது மூன்று வேலை செய்கிறது. எடையைத் தாங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் எழும்பாமல் பிடிக்கிறது. அதிர்வு சேஸுக்குப் போகாமல் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ரப்பர் அமுங்கிப் போனால் எஞ்சின் இறங்கும். ஃபேன் இலை ரேடியேட்டரை உரசும். கிளட்ச் நடுங்கும், கியர் தானாக நழுவும், சைலன்சர் குழாய் கழுத்தில் விரிசல் விடும். மெக்கானிக் கிளட்சை மாற்றுவார், கியர்பாக்ஸைப் பிரிப்பார், நோய் அடியில் இருக்கும்.

எங்கள் வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்களில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. பிரித்த அன்று முன்னால் இருந்த ரப்பர் பாகாக உருகிப் போயிருந்தது. டீசலும் ஆயிலும் வருடக்கணக்காகச் சொட்டினால் இயற்கை ரப்பர் உப்பிக் குழைந்துவிடும். பின்னால் இருந்தது ரப்பர் மவுண்டிங்கே இல்லை. பழைய டயரை அடுக்கடுக்காக வெட்டி, அடியில் தோல் வைத்து, ஆணி அடித்துச் சேர்த்த இரண்டு கட்டைகள். “எவனோ ஒப்பேத்தி வெச்சிருக்கான்” என்று சிரித்தோம். குப்பையோடு தள்ளினோம். முதுகலை படித்த நாங்கள்தான் தள்ளினோம். பையன்கள் நாங்கள் செய்ததைப் பார்த்துச் செய்தார்கள்.

பிறகு தேடல். முதலில் சங்ககிரி, நாமக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். பார்கோ என்றதும் வயதான கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசினார்கள், பாகம் இல்லை. கோவை உக்கடம் போனோம். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சந்து சந்தாக நடந்தோம். அங்கே ஒரு அண்ணன் எங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “பார்கோ மவுண்டிங் வேணுமா, பெர்கின்ஸ் மவுண்டிங் வேணுமா?” நாங்கள் விழித்தோம். “ரெண்டு கம்பெனி பொருளை நடுவுல ஒருத்தன் சேர்த்திருக்கான். அவன் என்ன பிராக்கெட் அடிச்சானோ, அதுக்குத்தான் ரப்பர். அதுக்கு நம்பர் எந்த புக்குலயும் இருக்காது தம்பி.”

அவர் சொன்னது அன்று எங்களுக்கு முழுதாக ஏறவில்லை. கம்பெனிப் பொருள்தான் அசல் என்ற எண்ணம் மண்டையில் உறைந்திருந்தது. வடக்கே ஒருவரிடம் பிரிக்காத பெட்டியில் பழைய மவுண்டிங் நான்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூரியரில் வரவழைத்தோம். மஞ்சளடித்த லேபிள், மெழுகுக் காகிதம், பார்க்கவே ஆசையாக இருந்தது. நகத்தால் அழுத்தினால் கல். பழகிய ரப்பர் பட்டறையில் கொடுத்துக் கடினத்தன்மை பார்த்தோம். ஷோர் ஏ அளவில் 55 முதல் 60 வரை இருக்க வேண்டியது 85-ஐத் தாண்டியிருந்தது. ரப்பர் ஓடினாலும் கிழடாகும், பெட்டியில் இருந்தாலும் கிழடாகும். காற்றும் வெப்பமும் போதும். பழைய வண்டிகளைச் சீர் செய்ய நினைக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரும்புப் பாகம் பெட்டியில் நாற்பது வருடம் இருந்தால் லாபம், ரப்பர் பாகம் இருந்தால் நஷ்டம். எங்களுக்குப் பதினொன்றாயிரம் நஷ்டம்.

கல்லாக இருந்தாலும் அளவாவது சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தோம். உயரம் குறைவு. கியர்பாக்ஸ் வால் கீழே இறங்கியது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் தப்பியது, முன்னால் ஃபேன் மேலே தூக்கிக்கொண்டு ரேடியேட்டர் மேல் விளிம்பை முட்டியது. சரியான உயரம் என்ன? பிராக்கெட்டை அடித்தவர் எந்த வரைபடமும் விட்டுச் செல்லவில்லை. நாங்கள் ஊகித்து மரக்கட்டை வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடித்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்த வண்டியை ஓட்டிய டிரைவர் தாத்தாவைக் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். எண்பதைத் தாண்டியவர். கொட்டகைக்குள் நுழையும்போதே கதவண்டை நின்றுவிட்டார். காற்றில் கதவு அடிக்காமல் இருக்க நாங்கள் கீழே முட்டுக் கொடுத்திருந்த கட்டையைக் கைத்தடியால் தட்டினார்.

“இதைய ஏங் கண்ணு இங்க போட்டு வெச்சிருக்கீங்க? இதுதானே வண்டிய ஓட்டுச்சு.”

எட்டு மாதமாக எங்கள் காலில் இடறிக்கொண்டிருந்தது அந்தக் கட்டை. மற்றொன்றை மாணவி குப்பை மூட்டையிலிருந்து தேடி எடுத்தார்.

தாத்தா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறோம். டீசலுக்கு மாற்றிய சில வருடங்களில் பின்பக்க ரப்பர் விட்டுவிட்டது. மாற்று ரப்பர் கேட்டு முதலாளி சென்னைக்கு ஆள் அனுப்பினார், கிடைக்கவில்லை. வண்டி நின்றால் ஆலை நிற்கும். சந்தைப்பேட்டையில் டயர்ச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் மூன்று நாள் வண்டிக்கு அடியில் கிடந்தார். வெட்டி வைப்பார், எஞ்சினை இறக்கிப் பார்ப்பார், மறுபடி எடுத்து ஓர் அடுக்கைச் சீவுவார். மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்தபோது கியர் கம்பியின் நடுக்கம் நின்றிருந்தது.

“ஒரு நடை ஏறி உக்காந்து வந்து பாக்கட்டுங்களான்னு கேட்டாரு. சத்தம் எப்பிடி வருதுன்னு கேக்கோணும்னாரு. மொதலாளி வேண்டாம்னுட்டாரு. அடியில படுக்கலாம், உள்ளுக்குள்ள உக்காரக் கூடாது. அந்தக் காலம் அப்பிடி.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “நானும் ஒண்ணும் பேசலீங்க.”

கூலி என்ன கொடுத்தார்கள் என்று கேட்டோம். மிச்சமான டயர்த் துண்டுகள். அது போதுமென்று அவர் எடுத்துக்கொண்டு போனாராம்.

அன்று இரவு யாரும் சரியாகப் பேசவில்லை. எங்களில் சிலர் அதே சமூகத்தில் பிறந்தவர்கள். எங்களில் ஒருவரின் பாட்டனாரும் தோல் வேலைதான் செய்தார். பட்டம் வாங்கியபோது எழுதிய ஆய்வில் ‘உழைப்பாளரின் அறிவு’ என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறோம். அந்த அறிவு கண் முன்னால் ஆணி அடித்துக் கிடந்தபோது நாங்கள் பார்த்தது குப்பையை. லேபிள் ஒட்டிய பெட்டிக்குப் பதினொன்றாயிரம் கொடுத்தோம். லேபிள் இல்லாததைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். முதலாளி அன்று செய்ததற்கும் நாங்கள் செய்ததற்கும் எவ்வளவு தூரம் என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். உங்களிடமும் அதை மறைக்கவில்லை.

மறுநாள் இரண்டு கட்டைகளையும் கழுவி வெர்னியர் வைத்து அளந்தோம். 43 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசமில்லை. மரக்கட்டையை அந்த உயரத்துக்குச் சீவி வைத்து எஞ்சினை இறக்கினோம். புரொப்பல்லர் ஷாஃப்ட் நேராக வந்து நின்றது. நாங்கள் தேடிய வரைபடம் அதுதான். முன்பக்கத்துக்கு வேண்டிய உயரமும் அதிலிருந்தே கணக்காகிவிட்டது.

ரப்பர் பட்டறைக்காரர் அந்தக் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஓரத்தைச் சாய்வா வெட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டார். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். விளிம்பு செங்குத்தாக இருந்தால் பிதுங்கும் இடத்தில்தான் முதல் விரிசல் விழும். சாய்வாக இருந்தால் பிதுங்க இடம் கிடைக்கிறது. டயரில் உள்ள நூல் அடுக்கு, வருடங்கள் போனாலும் கட்டையை நசுங்க விடாது. அடியில் வைத்த தோல், இரும்பில் உரசி ரப்பர் தேயாமல் காத்திருக்கிறது. நடுப் போல்ட்டுக்கு அகலமான வாஷர் போட்டிருந்தார். ரப்பர் முழுதாக விட்டுப் போனாலும் எஞ்சின் கழன்று விழாது.

அவருடைய மகனைத் தேடிப் போனோம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கட்டையைக் கையில் கொடுத்ததும் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “எங்கப்பா வெட்டுதானுங்க. செருப்பு அடியையும் இப்பிடித்தான் சாய்ச்சு வெட்டுவாரு. கால் அழுத்துனா ஓரம் கிழியாதும்பாரு.” கால் பாரத்துக்குக் கற்றதை அவர் அரை டன்னுக்கு மேலான எஞ்சினுக்கு வைத்திருக்கிறார்.

நாங்கள் உற்சாகமாகிவிட்டோம். அப்பாவின் பெயரைக் கதவிலேயே பெரிதாக எழுதுகிறோம், படத்தோடு எழுதி வெளியிடுகிறோம் என்றோம். அவர் கட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“பேரு வேண்டாங்க. பேரைப் போட்டா செருப்புத் தெச்சவருன்னு போடுவீங்க. எம் பொண்ணு வேலைக்குப் போற எடத்துல யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.”

எங்களிடம் பதில் இல்லை. வரலாற்றில் பெயரில்லாதவர்களுக்குப் பெயர் கொடுப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள் நாம். பெயர் கொடுத்தால் அதன் விலையை யார் கட்டுவது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நாங்கள் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பெண் மறுநாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, படமும் இல்லை.

இதற்கு நடுவே எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடியது. பெர்கின்ஸைக் கழற்றிவிட்டுப் பழையபடி பெட்ரோல் எஞ்சின் வைத்தால் வண்டி ‘அசல்’ ஆகும், பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம் என்றார் ஒரு நண்பர். விதியை எடுத்துப் படித்தோம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் இருசக்கர வாகனங்களும் எம்1 வகை நான்கு சக்கர வாகனங்களும்தான் அதில் அடங்கும். எம்1 என்றால் டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மிகாமல் உட்காரும் பயணிகள் வாகனம், அதாவது கார், ஜீப். சரக்கு வாகனம் என் வகை. லாரிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஜமீன்தார் ஏறிய கார் பாரம்பரியம். அந்தக் காருக்குப் பெட்ரோல் போட நெல் சுமந்த லாரி காயலான் கடைச் சரக்கு. சட்டம் எழுதியவர்கள் திட்டமிட்டு இப்படிச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பழைய வாகனம் என்றதும் அவர்கள் மனதில் லாரி வரவே இல்லை என்பதுதான் விஷயம். டயர்க் கட்டையைக் குப்பையில் போட்ட அன்று எங்கள் மனதிலும் அவர் வரவில்லை. விவாதம் அதோடு முடிந்தது. பெர்கின்ஸ் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பெட்ரோல் வண்டியை டீசலாக மாற்றிய கைகளும் இந்த வண்டியின் வரலாறுதான். கம்பெனியிலிருந்து வந்த நாளோடு வண்டியின் வரலாறு முடிந்துவிடாது.

புது மவுண்டிங் செய்ததைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எடை பார்த்தோம். 600 கிலோவைத் தாண்டியது. முன்பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தனித்தனியாகத் தூக்கிப் பார்த்துக் குறித்தோம். பழைய கட்டையின் உயரத்தோடு 3 மில்லிமீட்டர் சேர்த்தோம், புது ரப்பர் முதலில் கொஞ்சம் படியும். லேத் பட்டறையில் இரும்பு அச்சு கடைந்தோம். ரப்பர் அச்சிலிருந்து வந்தபின் சுருங்கும் என்பதால் அச்சு அளவில் நூற்றுக்கு இரண்டு கூட்டிக்கொண்டோம். தகடுகளை மணல் பீய்ச்சித் துருவும் பிசுக்கும் நீக்கி, ரப்பரையும் இரும்பையும் பிணைக்கும் பசையை இரண்டு பூச்சு பூசினார்கள். அதன்பின் கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டாது. பிரஸ்ஸில் 150 டிகிரிச் சூட்டில் வேகவைத்தார்கள். இயற்கை ரப்பர்தான். அதிர்வைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு, எண்ணெய்தான் அதன் எதிரி. அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஆயில் சொட்டாமல் தகரக் குல்லா வைத்தோம். விளிம்பைச் சாய்வாகவே விட்டோம். வழக்கமாக நூறு உருப்படிக்குக் குறைந்து அச்சில் ஏற்றாத பட்டறை அது. எங்களுக்கு எட்டு செய்து தந்தார்கள், நான்கு மாற்றுக்கு.

தகடுகளில் பசை பூசுவதற்கு முன் மகனிடம் மறுபடியும் போனோம். ஒரு யோசனை சொன்னோம். ரப்பர் ஒட்டும் உள்முகத்தில் அப்பாவின் பெயரை லேசாகப் பஞ்ச் செய்கிறோம். மேலே ரப்பர் வந்துவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. ரப்பர் தேய்ந்து மறுபடி ஒருவர் பிரித்துச் சுரண்டினால்தான் தெரியும். அதற்கு இருபது, முப்பது வருடம் ஆகலாம். அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப எம் பேத்தி பெரியவளாயிருப்பா. போடுங்க” என்றார். பின்பக்கத் தகடுகள் இரண்டிலும் மாணவிதான் எழுத்து எழுத்தாகக் குத்தினார்.

வண்டி ஸ்டார்ட் ஆன அன்று அவரையும் டிரைவர் தாத்தாவையும் அழைத்திருந்தோம். தாத்தா தானாகவே கேபின் கதவைத் திறந்து, “ஏறுங்க” என்றார். மகன் ஏறவில்லை. “சத்தம் கீழ இருந்து கேட்டாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். அது கோபமா, தொழில் அறிவா என்று நாங்கள் கேட்கவில்லை. கியர் கம்பி நடுங்கவில்லை.

லாரி இப்போது பள்ளி வளாகத்துக்குள் மட்டும் ஓடுகிறது. ரோட்டுக்கு எடுக்கும் வழி வேறு, அது நீண்ட வழி. பையன்கள் இருவர் டீசல் பம்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள், கழுவுகிற வேலைக்கு இல்லை, பிரிக்கிற வேலைக்கு. அந்த இரண்டு டயர்க் கட்டைகளும் கண்ணாடிப் பெட்டியில் இல்லை, வகுப்பில் கையில் எடுத்துப் பார்க்கும்படி மேசை மேல் இருக்கின்றன.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் பழைய மோட்டார், நெல் ஆலை, கிணற்று எஞ்சின் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் கம்பெனி வைக்காத பாகம் எது என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். யார் செய்தது என்று கேளுங்கள். அளவெடுத்து நோட்டில் எழுதுங்கள். பெயரை எழுதுவதற்கு முன் மட்டும், எழுதலாமா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.